இடம் மாறி நின்ற ராஜா

"கொஞ்சம் இருங்க. கறுப்பு ராஜா எங்கே நிற்கிறார்?"

நடுவர் சுந்தரேசன் இப்படிக் கேட்டபோது எனக்குக் கேள்வியே புரியவில்லை. ராஜா எங்கே நிற்பார்? நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்கிறார். ஆடத் தெரிந்த நாளிலிருந்து அவரை அங்கேதான் நிறுத்தி வருகிறேன். எதிரே உட்கார்ந்திருந்த காதர் மைதீன் மாமாவைப் பார்த்தேன். அவர் பலகையைப் பார்த்தார், நடுவரைப் பார்த்தார், தாடியைச் சொறிந்துகொண்டார்.

"நல்லாத்தானே சார் நிக்கிறாரு?" என்றார்.

திண்டுக்கல்லில் எங்கள் வாசகசாலை நடத்திய சதுரங்கப் போட்டியின் கடைசி ஆட்டம் அது. ஆட்டம் முடிந்துவிட்டது. டிரா என்று முடிவாகிக் கையும் குலுக்கியாகிவிட்டது. "எப்படி ஆரம்பித்தீர்கள்? முதலிலிருந்து ஆடிக் காட்டுங்கள், என்ன ஓப்பனிங் என்று பார்க்கலாம்" என்று நடுவர் ஆசையாகக் கேட்டார். நாங்களும் காய்களை மறுபடி அடுக்கினோம். அடுக்கியதில்தான் வினை வந்தது.

நடுவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "கறுப்பு ராஜாவும் ராணியும் இடம் மாறி நிற்கிறார்கள். இப்படி வைத்தேவா முழு ஆட்டத்தையும் ஆடினீர்கள்?"

"ஆமா சார்" என்றோம் இரண்டு பேரும் ஒரே குரலில். பெருமையாக வேறு சொன்னோம்.

ஒரே நிறத் துணி

இந்த வாரம் சதுரங்கம் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி ரெஜினா, "பத்திரிகை வாங்குறவுக என்ன பாவம் செஞ்சாக?" என்று கேட்டாள். அவளுக்கு ஒரு வாக்குறுதி கொடுத்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இதைப் படிக்கச் சதுரங்கம் தெரிய வேண்டாம். குதிரை கோணலாகத் தாவும் என்று தெரிந்தால் போதும். அதுகூடத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை.

ஐம்பதுகளின் கடைசியோ அறுபதுகளின் தொடக்கமோ, சரியாக நினைவில்லை. நான் அப்போது மேட்டுப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். காதர் மைதீனுக்குப் பேகம்பூரில் தோல் மண்டி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மண்டிக்குப் பெயர்ப் பலகை எழுத என்னைக் கூப்பிட்டார். போன இடத்தில், சுவரோரம் ஒரு துணியை விரித்துச் சதுரங்கக் காய்களை அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். "ஆடுவீகளா?" என்றார். ஆடினோம். பலகை எழுதி முடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் அவர் எனக்கு மாமாவாகவும் நான் அவருக்கு மாப்ளேயாகவும் ஆகியிருந்தோம்.

வெள்ளிக்கிழமை அவர் தொழுகை முடிந்து வந்ததும் ஒரு ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை நான் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் ஒரு ஆட்டம். தோலும் அதைப் பதனிடுகிற ஆவாரம்பட்டையும் சேர்ந்து அடிக்கிற நெடி முதலில் குமட்டும். செத்த நேரத்தில் மூக்கு சமாதானமாகிவிடும். வீட்டுக்குப் போனால் ரெஜினாவின் மூக்கு சமாதானமாகாது. சட்டையைக் கொல்லையில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் நான் உள்ளே போக வேண்டும்.

அவருடைய துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னாளப்பட்டியில் நெய்த கெட்டித் துணி. அதில் குறுக்கும் நெடுக்குமாக நூலில் தையல் போட்டுக் கட்டம் பிரித்திருந்தது. கறுப்புக் கட்டம், வெள்ளைக் கட்டம் என்ற பேச்சே கிடையாது. எல்லாக் கட்டமும் ஒரே பழுப்பு நிறம். ராணி தன் நிறக் கட்டத்தில் நிற்க வேண்டும் என்று உலகமெல்லாம் ஒரு விதி இருக்கிறதாம். நிறமே இல்லாத துணியில் ஆடியவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வலது கை, இடது கை. அவரவர் வலது கைப் பக்கம் ராஜா, இடது கைப் பக்கம் மந்திரி. எதிரெதிரே உட்கார்ந்து இப்படி வைத்தால் ஒரு ராஜாவுக்கு நேரே மற்றவரின் மந்திரிதான் நிற்பார். இதற்கு மாமா ஒரு நியாயம் வைத்திருந்தார்.

"ரெண்டு ராஜாவும் நேருக்கு நேர் மொறச்சுக்கிட்டு நிக்கலாமா மாப்ளே? பெரிய மனுசங்க. ஒரு மரியாத வேணாம்?"

கட்டு

மண்டியில் ஆட்டம் தொடங்குகிற விதமும் தனி. சிப்பாய் ஒரு தடவைக்கு ஒரு கட்டம்தான் நகரும். முதலில் இரண்டு பேரும் அவரவர் பாதிக்குள்ளேயே சிப்பாய்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, பின்னால் குதிரையையும் யானையையும் ஒழுங்கு பண்ணி, ஒரு வேலி மாதிரி கட்டிக்கொள்ள வேண்டும். அதற்குக் கட்டு என்று பெயர். கட்டு முடிவதற்கு முன் எல்லையைத் தாண்டுகிறவனை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பந்தியில் முதல் ஆளாகக் கை நனைத்தவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். கட்டு முடிவதற்குள் இரண்டு ரவுண்டு டீ உள்ளே போய்விடும். அதன் பிறகுதான் வெட்டுக்குத்து.

இன்னொன்றும் உண்டு. ஒரே ராஜாவுக்குத் திரும்பத் திரும்பச் செக் வைத்துக்கொண்டே இருக்கக் கூடாது. வைத்தால் மாமா கையைப் பிடித்துவிடுவார். "ஒரே ஆட்டுக்குட்டிய எம்புட்டு நேரம் வெரட்டுவ? போயி வேற சோலியப் பாரு" என்பார். அதனால் மண்டியில் டிரா என்ற ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

கடலும் தோலும்

இப்படியே சில வருடம் ஆடினோம். ஒரு வருடம் வாசகசாலைக் கமிட்டியாருக்குத் திடீரென்று சுறுசுறுப்பு வந்துவிட்டது. சதுரங்கப் போட்டி, அதுவும் உலக விதிப்படி, நடுவர் மதுரையிலிருந்து, முதல் வருகிறவரைச் சென்னையில் நடக்கும் மாகாணப் போட்டிக்கு நம் செலவில் ரயிலேற்றி அனுப்புவோம் என்று அறிவித்தார்கள்.

எனக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. கப்பல், கட்டுமரம், கலங்கரை விளக்கம் என்று கடலை எத்தனையோ தடவை கரும்பலகையில் வரைந்தவன் நான். நேரில் பார்த்தது கிடையாது. ஒரு பையன் ஒருநாள் எழுந்து, "அலை இடப்பக்கமா வருமா வலப்பக்கமா சார்?" என்று கேட்டான். எனக்கு வந்ததே கோபம்! "உட்காருடா" என்று அதட்டினேன். அவன் உட்கார்ந்துவிட்டான். எனக்குத்தான் அன்று முழுக்க ஒரு மாதிரி இருந்தது. அலை எந்தப் பக்கமாகத்தான் வரும்? போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று அன்றே மனதில் விழுந்துவிட்டது.

மாமாவுக்கும் சென்னை ஆசை என்னைவிடக் குறைந்ததல்ல.

"என் மண்டியிலேர்ந்து போன தோலெல்லாம் மெட்ராஸப் பாத்துருச்சு மாப்ளே. நான் இன்னும் பாக்கல. இதவிடக் கேவலம் உண்டா?" என்பார்.

புது விதிகளை வாசகசாலைச் செயலாளர் ஒருநாள் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினார். சிப்பாய் முதல் தடவை இரண்டு கட்டம் போகலாம். ராஜாவும் மூலை யானையும் இடம் மாற்றிக் கோட்டை கட்டிக்கொள்ளலாம். காயைத் தொட்டால் நகர்த்தியே ஆக வேண்டும். மந்திரியை இனி ராணி என்று சொல்ல வேண்டும்.

"இத்தன வருசமா மந்திரியா இருந்த மனுசன ஒரே நாள்ல பொம்பளையாக்கிட்டாகளே!" என்று மாமா உண்மையாகவே வருத்தப்பட்டார். கோட்டை கட்டுவதும் எங்கள் இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. சண்டை தொடங்கும் முன்பே ராஜா மூலையில் போய் ஒளிவதா?

மாமாவைப் படாத பாடு படுத்தியது தொட்டால் நகர்த்தும் விதிதான். தோலைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்தே தரம் சொல்லிப் பழகியவர். காயையும் தேய்த்துப் பார்க்காமல் அவருக்கு யோசனை ஓடாது. போட்டி நடந்த நாட்களில் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டே ஆடினார். பார்க்கிறவர்கள் அவருக்கு ஏதோ கட்டி என்று நினைத்தார்கள்.

ராஜா எந்தக் கட்டத்தில் நிற்க வேண்டும் என்பதை மட்டும் செயலாளர் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டார்.

கடைசி நாள்

முந்தைய ஆட்டங்களில் இந்தத் தப்பு நடக்காததற்குக் காரணம் உண்டு. நடுவரே முன்கூட்டி வந்து எல்லாப் பலகையிலும் காய்களை அடுக்கி வைத்துவிடுவார். கல்யாண வீட்டில் பரிமாறி வைத்த இலை முன்னால் உட்காருகிற மாதிரி நாங்கள் போய் உட்காருவோம். ராஜா எங்கே நிற்கிறார் என்று யார் கவனித்தது? பதற்றத்தில் என் கைகால் எங்கே இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

கடைசி நாள், கடைசி ஆட்டம், எனக்கும் மாமாவுக்கும். அரைப் புள்ளி நான் முன்னால் இருந்தேன். டிரா ஆனால் நான் ரயிலேறுவேன். மாமா ஜெயித்தால் அவர் ஏறுவார். ஊருக்கே இந்தக் கணக்கு தெரியும். பேகம்பூரிலிருந்து ஒரு கூட்டம், மேட்டுப்பட்டியிலிருந்து ஒரு கூட்டம், வாசகசாலைக் கூடத்தில் நிற்க இடமில்லை. ஒரு பானைத் தண்ணீரும் அதற்குக் காவலாக ஒரு ஆளும் வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் தண்ணீருக்குக் காவல் போடுவது ஆச்சரியமில்லை.

நடுவர் வரவில்லை. அவர் வந்த பஸ் அம்மையநாயக்கனூர்ப் பக்கம் படுத்துவிட்டதாகச் சேதி வந்தது. "நேரமாச்சு, நீங்களே காயை அடுக்கி ஆரம்பிங்க" என்றார் செயலாளர். அடுக்கினோம். மாமாவுக்கு வெள்ளை, எனக்குக் கறுப்பு. அவரவர் வலது கைப் பக்கம் ராஜா. வெள்ளைக்கு அது சரியான இடம்தான், கறுப்புக்குத்தான் தப்பு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது மாமாவும் ஒருமுறை பார்த்துத் தலையாட்டினார். சுற்றி நின்ற கூட்டமும் பார்த்தது. எல்லோரும் எங்கள் ஊர்க்காரர்கள்தானே, அவர்கள் கண்ணுக்கும் எல்லாம் சரியாகவே பட்டது.

மாமா முதல் சிப்பாயை நகர்த்தினார். ஒரே ஒரு கட்டம்.

இரண்டு கட்டம் போகலாம் என்பது இரண்டு பேருக்குமே மறந்துபோனது. நானும் ஒரு கட்டம். அவர் ஒன்று, நான் ஒன்று. எங்களையும் அறியாமல் கட்டு கட்டத் தொடங்கியிருந்தோம். வெகுநேரம் ஒரு காயும் எல்லையைத் தாண்டவில்லை. கூட்டத்தில் ஒருவர், "இப்பத்தாம்ப்பா ஆட்டம் மாதிரி இருக்கு" என்று சத்தமாகவே சொன்னார். அதுவரை நடந்த ஆட்டங்களில் எங்கள் இரண்டு பேர் கையும் இரவல் சட்டை போட்ட மாதிரி இருந்தது. அன்றுதான் சொந்தச் சட்டை.

பிறகு மாமா எல்லையைத் தாண்டினார். அப்பப்பா, என்ன சண்டை! நான் ஒரு குதிரையைக் கொடுத்து ஒரு யானையை வாங்கினேன். அவர் சிரித்துக்கொண்டே அந்த யானைக்கு வட்டி போட்டு வாங்கினார். ராணிகள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு இறங்கினார்கள். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டுகிறது, துடைக்கத் தோன்றவில்லை. தோற்றுவிடுவோமோ என்ற பயம் ஒரு பக்கம். இந்த ஆட்டம் முடியவே கூடாது என்ற ஆசை இன்னொரு பக்கம். அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி ஆடியதில்லை.

இந்தக் கட்டத்தில்தான் நடுவர் சட்டையெல்லாம் புழுதியாக வந்து சேர்ந்தார். ராணிகள் இறங்கி, என் ராஜாவும் இடம்பெயர்ந்து போயிருந்ததால் பலகையைப் பார்த்து அவருக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

மாமாவின் சிப்பாய் ஒன்று ஓடத் தொடங்கியது. கடைசிக் கட்டத்தைத் தொட்டால் ராணியாகிவிடும். எனக்கு அதைத் தடுக்க ஆளில்லை. மிச்சமிருந்தது ஒரு யானை, ஒரு குதிரை. யானையை அவர் ராஜாவின் வாசலில் குறுக்கே நிறுத்தினேன். குதிரையைத் தூக்கிச் செக் வைத்தேன். ராஜா பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தார். குதிரை தாவியது, மறுபடி செக். ராஜா பழைய கட்டத்துக்கே வந்தார். குதிரையும் பழைய கட்டத்துக்கே வந்தது, செக். அவருக்குப் போக வேறு இடமில்லை. எனக்கோ நிறுத்த மனமில்லை. நிறுத்தினால் சிப்பாய் ராணியாகிவிடும்.

மாமாவின் கை தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. "என்ன மாப்ளே இது? மண்டியா இருந்தா இந்நேரம் கையப் புடிச்சிருப்பேன்ல?" என்றார்.

"பிடிக்கக் கூடாது. உலக விதிப்படி இது டிரா" என்றார் நடுவர்.

மேட்டுப்பட்டிக் கூட்டம் போட்ட சத்தத்தில் பானைக்குக் காவலிருந்தவரே எழுந்து ஓடி வந்தார். மாமா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அதை மறைக்கிற ஆளும் அவர் இல்லை. ஆனாலும் கையை விடாமல், "நல்லா ஆடுன மாப்ளே" என்றார். என் மனதில் அப்போதே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது.

ஏதாவது குறை உண்டா?

அதன் பிறகுதான் நடுவர் ஆட்டத்தை முதலிலிருந்து காட்டச் சொன்னதும், ராஜா எங்கே என்று கேட்டதும்.

விஷயம் புரிந்ததும் நடுவர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "தொடக்கம் பேகம்பூர் விதிப்படி, முடிவு மட்டும் உலக விதிப்படியா?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பையிலிருந்து கனத்த விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"ஆட்டத்தின் நடுவிலே தெரிந்திருந்தால் நானே ரத்து செய்து மறுபடி ஆடச் சொல்லியிருப்பேன். இப்போது முடிந்து, இரண்டு பேரும் கை கொடுத்தாகிவிட்டது. இனி ஆடியவர்களில் ஒருவர் கேட்டால்தான் ரத்து. யாரும் கேட்காவிட்டால் டிரா டிராதான்" என்றார்.

என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். எனக்கு என்ன குறை? டிரா போதும் எனக்கு. குறடு போட்டு இழுத்தாலும் என் வாயிலிருந்து வேறு பதில் வந்திருக்காது.

அடுத்து மாமாவின் பக்கம் திரும்பினார். "தப்பாக நின்றது எதிராளியின் ராஜா. கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. உங்களுக்கு ஏதாவது குறை உண்டா?"

மாமாவின் தம்பி ஷேக் பின்னாலிருந்து அவர் தோளை உலுக்கினார். "கேளுண்ணே! இன்னொரு ஆட்டம் கெடச்சா நீ செயிச்சிருவ. மெட்ராஸுண்ணே!" பேகம்பூர்க் கூட்டமே, "கேளுங்க பாய், கேளுங்க" என்றது. அவர் கேட்பார், கேட்பதுதான் நியாயம். அவர் இடத்தில் நான் இருந்தால் இதற்குள் இரண்டு தடவை கேட்டு முடித்திருப்பேன்.

மாமா பலகையில் கிடந்த என் கறுப்பு ராஜாவை எடுத்தார். கட்டைவிரலால் அதை மெதுவாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு கொற இருக்கு சார்" என்றார்.

நடுவர் பேனாவின் மூடியைத் திறந்தார். என் ரயில் நின்றுவிட்டது.

மாமா பக்கத்திலிருந்த கிளாசை எடுத்து நடுவர் முன்னால் வைத்தார். "குடுத்த டீ ஆறிப்போச்சு. வேற சூடாச் சொல்லுங்க. மாப்ளேக்கும் சேத்து."

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் கூடம் இரண்டுபட்டது. நடுவர் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி காய்களுக்கு நடுவில் விழுந்தது. ஷேக் மட்டும் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். "எதற்கும் இந்த ஓப்பனிங்கின் பெயரைச் சொல்லுங்கள்" என்று நடுவர் கேட்டார். "மண்டிக் கட்டுன்னு போட்டுக்கங்க சார்" என்றார் மாமா. அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

பிளாட்பாரத்தில்

நான் சென்னைக்குப் புறப்பட்ட சாயங்காலம் ரெஜினா என் சட்டைக்கு மூன்று தடவை இஸ்திரி போட்டாள். மாமா நேராக ரயில் நிலையத்துக்கே வந்துவிட்டார். ஒரு சீப்புச் சிறுமலைப் பழத்தை ஜன்னல் வழியாகத் திணித்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றார். அன்றிலிருந்து கேட்காமல் வைத்திருந்த கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியவில்லை.

"மாமா, ஏன் கேக்கல? கேட்டிருந்தா மறுபடி ஆடியிருக்கலாம்ல. நீங்க செயிச்சிருப்பீக. இந்த சீட்டுல நீங்க உக்காந்திருப்பீக."

"செயிச்சிருப்பேன்தான்" என்றார். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"பெறகு?"

அவர் கம்பியைக் கட்டைவிரலால் தேய்த்தார். "ரத்துன்னா என்ன மாப்ளே அர்த்தம்? அந்த ஆட்டம் நடக்கவே இல்லன்னு அர்த்தம். அம்புட்டு நல்ல ஆட்டம்! நாம ரெண்டு பேரும் இத்தன வருசத்துல அப்படி ஒண்ணு ஆடிருக்கமா? அதப் போயி நடக்கலன்னு என் வாயாலயே சொல்லச் சொல்றியா? அப்படிச் சொல்லிட்டு நான் எந்த மெட்ராஸப் பாத்து என்ன ஆகப்போகுது?"

வண்டி நகர்ந்தது. அவர் கம்பியை விட்டுவிட்டுக் கையை ஆட்டினார். பழத்தை மடியில் வைத்துக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதேன், சிரித்துக்கொண்டே அழுதேன்.

எதிரே இருந்த பெரியவர் வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல், "என்ன தம்பி, யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிப்போச்சா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லைங்க" என்றேன். "ஆட்டம் டிரா."